தொட்டியத்தம்மா கேட்ட மூன்று கேள்விகள்

சவரிமுத்து மதிய இடைவேளையில் என் ஆபீசுக்கு வந்து நிற்கிறவர் இல்லை. பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. ஷிப்ட் முடிந்தால் நேரே மைதானம். அன்றைக்குப் பட்டறை உடுப்போடு என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், தொட்டியத்தம்மா தவறிட்டாங்க. வாழைத்தார் லாரியில வந்தவரு மார்க்கெட்டுல சொன்னாராம். மூணு நாள் காய்ச்சலாம்."

"எப்ப எடுக்கிறாங்க?"

"நேத்தே எடுத்தாச்சாம் சார்."

கடைசியாக முகம் பார்க்கவும் நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. சவரிமுத்து, "நம்ம ஆளுங்களுக்கெல்லாம் நீங்கதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன். எழுதத் தகுதியுள்ளவன் நான்தானா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீங்கள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

திருச்சி வட்டாரத்தில் சடுகுடு ஆடியவர்களும் நடுவராக நின்றவர்களும் அவரை அறிவார்கள். எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் வெளியே, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு குந்தியிருப்பார். யார் ஜெயிக்கிறார்கள் என்று அவர் பார்த்ததே இல்லை. யார் விழுகிறார்கள் என்று பார்ப்பார். உங்களில் சிலருக்கு அவர் மேல் எரிச்சல் இருந்தது. எனக்கும் இருந்தது. அவர் பெயர் நல்லம்மாள். பலர் இதை இப்போதுதான் தெரிந்துகொள்வீர்கள். நம் சடுகுடு சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில்கூட இரண்டு வருஷம் "தொட்டியத்திலிருந்து வந்த பெண்மணி" என்றுதான் காரியதரிசியாகிய நான் எழுதியிருந்தேன்.

அவர் ஏன் வந்தார் என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் கோடைப் போட்டிகளைக் கொள்ளிடத்து மணலில்தான் நடத்தினோம். மணலில் விழுந்தால் தட்டிவிட்டு எழுந்துகொள்ளலாம். கூட்டம் பெருகியதும், ரோட்டை ஒட்டிய மைதானத்தில் நடத்தினால் பெஞ்சு போடலாம், பந்தல் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த ஒருவர் நான். மைதானத்துத் தரை வெயிலில் காய்ந்து செங்கல் மாதிரி இருந்தது. யாரும் அதைக் கொத்திவிடவில்லை.

அந்த முதல் வருஷத்திலேயே தொட்டியம் அணியில் மருதமுத்து ஆடினார். வாழை விவசாயி, முப்பது வயது நிரம்பாதவர், பாடிக்கொண்டு எதிராளி எல்லைக்குள் போனால் சிரித்த முகமாகவே திரும்பி வருவார். மூன்றாவது சுற்றில் அவரை இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். ஒருவர் கழுத்தில் கையைப் போட்டுப் பின்னால் சாய்த்தார். பின்மண்டை தரையில் பட்ட சத்தம் என் மேஜை வரை கேட்டது. அவர் எழுந்தார், தட்டிக்கொண்டார், சிரித்தார். பிடிபட்டதால் வெளியே போய் உட்கார்ந்தார்.

நம் ஆட்டத்தில் வெளியே போனவர் வெளியேயே இருப்பதில்லை. தன் அணி எதிராளி ஒருவரை வீழ்த்தினால், முதலில் போனவர் திரும்ப உள்ளே வரலாம். ஏழெட்டு நிமிஷத்தில் தொட்டியம் அணி ஒருவரை மடக்கியது. அன்று பாயிண்ட் குறித்து, வெளியே இருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் வேலை என்னுடையது.

"மருதமுத்து, உள்ள வாங்க" என்றேன். அவர் எழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எழுந்து வந்தவர் நேரே எதிரணியின் பக்கம் போய் அவர்களோடு வரிசையில் நின்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவருடைய கேப்டன் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அடுத்த முறை பாடப் போனபோது கோட்டைத் தாண்டியதும் பாட்டு நின்றுவிட்டது. மூச்சு முட்டியதாக நினைத்தோம். அவருக்குப் பாட வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. பிடித்துச் சாய்த்தார்கள். இந்தத் தடவை அவர் எழவில்லை.

இருபது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்து ஊர் திரும்பினார். நாங்கள் சங்கத்தின் பெயரால் ஓர் அனுதாபக் கடிதம் அனுப்பினோம். உயிர் பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். சொந்தக் கொல்லையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் வாய்க்கால் கரையிலேயே அவர் நின்றுகொண்டிருந்ததும், பிஞ்சுத் தார்களை வெட்டிக் குவித்ததும், வெளிச்சம் கண்ணில் பட்டால் பாத்திரங்களை வீசியதும் எங்களுக்குத் தெரியாது. விசாரிக்கவில்லை என்று சொல்வதுதான் சரி.

அடுத்த கோடையில் நல்லம்மாள் வந்தார். தனியாக, பஸ் மாறி. ஆட்டத்தில் ஒருவர் மல்லாந்து விழுந்ததும், நாங்கள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் ஒரு பெண் மைதானத்துக்குள் நடந்து போவது தெரிந்தது. விழுந்தவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"தம்பி, எந்த ஊரு?"

"லால்குடிங்க."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பழையது."

"யாரு கூட வந்தீங்க?"

"மச்சான் கூட. அந்தா நிக்கிறாரு பாருங்க."

"சரி, ஆடுங்க சாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் கைதட்டிக் கேலி செய்தது. நடுவராக இருந்த சவரிமுத்துவுக்குக் கோபம். ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போய், "மைதானத்துக்குள்ள பொம்பளைங்க வரக் கூடாதும்மா. யார் நீங்க?" என்று அதட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"மருதமுத்து வீட்டுலங்க" என்றார் அவர். "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப அவருக்கு இந்த மூணும் தெரியலைங்க. ஊரு தெரியல, சாப்பிட்டது தெரியல, கூட வந்த சொந்தத் தம்பியத் தெரியல. முதல்ல விழுந்தப்பவே யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

சவரிமுத்து அதற்குப் பிறகு அவரை அதட்டியதில்லை. யாராவது விழுந்தால் ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அவர் கேட்டு முடிக்கும் வரை காத்திருப்பார். கமிட்டி முன்னால் வந்து பேசச் சொல்லி அவரை அழைத்து வந்தவரும் சவரிமுத்துதான்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை மாடியில் அப்போது நம் கூட்டங்கள் நடக்கும். ஏழு பேர் இருந்தோம். நல்லம்மாள் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மருதமுத்து வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரி, நல்ல திடகாத்திரமாகத்தான் தெரிந்தார். நாற்காலி கொடுத்தும் நல்லம்மாள் உட்காராமல் பேசினார். தலையில் அடிபட்டவரை நடுவர் விசாரிக்க வேண்டும்; தடுமாறினால் அன்றைக்கு அவர் ஆடக் கூடாது; அவருக்குப் பதிலாக வேறு ஆள் இறங்கட்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

நம் உபதலைவர், பழைய ஆட்டக்காரர், இப்போது அவரும் இல்லை, நல்லவர்தான், உடனே மறுத்தார். "நல்லா இருக்கும்மா நீங்க சொல்றது. களைச்சுப்போனவன் எல்லாம் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவான். புது ஆளை இறக்குவாங்க. ஆட்டமே பொய்யாயிடும்."

"பொய்யா உக்காந்தா ஒரு ஆட்டம் போகும்ங்க" என்றார் நல்லம்மாள். "பொய்யா எந்திரிச்சு நின்னா ஆளே போயிருவாரு."

அப்போது மருதமுத்து, "பஸ்ஸு வந்துருச்சா?" என்று மனைவியைக் கேட்டார். "இன்னும் இல்லீங்க" என்றார் அவர். சிறிது பொறுத்து அதே குரலில் மறுபடி, "பஸ்ஸு வந்துருச்சா?" அதே பொறுமையோடு அதே பதில். அவர்கள் படி இறங்கிப் போவதற்குள் நான்கு தடவையாவது கேட்டிருப்பார்.

குறிப்பேட்டில் நான் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதினேன். ரயில்வே ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருப்பவனுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் நன்றாகத் தெரியும். மாநில விதிகளில் இல்லாததை நாம் மட்டும் சேர்த்தால் மற்ற ஜில்லாக்காரர்கள் சிரிப்பார்கள் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. இருபது வருஷமாக ஆட்டத்தோடு இருப்பவன் நான். ஒரு முறைகூட ஆடாத ஒருவர், எழுத்துக் கூட்டத் தெரியாத ஒருவர், வந்து எனக்குச் சொல்வதா என்று இருந்தது. இரண்டு வருஷம் அந்த விஷயம் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாக வைக்கப்பட்டது. கடைசி விஷயத்துக்கு வருவதற்குள் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிடும்.

விஷயம் இப்படிக் கிடந்த இரண்டாம் வருஷக் கோடையில் அரையிறுதி ஆட்டம். திருவெறும்பூர் அணியில் தங்கராசு என்று ஒருவர். சேலம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், கல்யாணமாகி ஒரு வருஷம். எதிராளியை மடக்கப் பாய்ந்தபோது அவருடைய நெற்றிப்பொட்டில் சொந்த அணிக்காரர் ஒருவரின் முழங்கால் மோதியது. விழுந்தவர் சற்று நேரம் கிடந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். சவரிமுத்து ஊதலை ஊதினார். நல்லம்மாள் அதற்குள் அவரிடம் போய்விட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"சேலம் பக்கம்ங்க."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி."

"யாரு கூட வந்தீங்க?"

தங்கராசு கூட்டத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க அண்ணன் கூட" என்றார்.

அவருடைய கேப்டன் சிரித்தார். "இவனுக்கு ஏதும்மா அண்ணன்? வீட்டுக்கு மூத்தவனே இவன்தான். உங்ககிட்ட விளையாடறான்."

நல்லம்மாள் சிரிக்கவில்லை. என் மேஜைக்கு ஓடி வந்தார். "ஐயா, இவர ஆட விடாதீங்க."

"ரூல் இல்லம்மா."

"ரூலு கெடக்குதுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

இரண்டு அணிகளும் சமமான பாயிண்டில் நின்றன. பெஞ்சுகளில் இருந்தவர்கள் எழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து ஊதலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். தங்கராசு தானே எழுந்து நின்று, "எனக்கு ஒண்ணுமில்ல சார், ஆடறேன்" என்றார். "அவரே ஆடறேங்கிறாரே" என்று நான் நல்லம்மாளிடம் சொன்னேன். சொல்லிவிட்டுச் சவரிமுத்துவுக்குக் கையை அசைத்தேன்.

அதற்குப் பிறகு தங்கராசுவை யாரும் தொடவில்லை. இரண்டு பேர் பாடிப் போய்த் திரும்பினார்கள். மூன்றாவது ஆள் பாடி வரும்போது, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் எதையோ குனிந்து எடுக்கப் போகிறவர் மாதிரி தங்கராசு உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார். வேனில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அவர் தலை நல்லம்மாளின் மடியில் இருந்தது. முன்சீட்டில் இருந்த நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். நல்லம்மாள் அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. வாயருகே இருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தங்கராசு இறந்துபோனார். சேலத்திலிருந்து அவர் மனைவி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டதும் நல்லம்மாள்தான். நான் தூரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மறு வாரம் கமிட்டி கூடியது. யாரும் மறுக்கவில்லை. உபதலைவர் தலையைக் குனிந்தபடி, "எழுதுங்க சார்" என்று மட்டும் சொன்னார். நான் எழுதினேன். மைதானத்தை ஒரு சாண் கொத்தி ஆற்று மணல் பரப்ப வேண்டும். கழுத்தில் கை போட்டு இழுக்கக் கூடாது. தலையில் அடிபட்டவரிடம் நடுவர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எழுதியதை எடுத்துக்கொண்டு சவரிமுத்துவும் நானும் தொட்டியத்துக்குப் போனோம். அதுதான் நான் அந்த வீட்டுக்குப் போன முதல் தடவை.

நல்லம்மாள் கொல்லையில் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மருதமுத்து நிழலில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தார். அந்த வேலை மட்டும் அவர் கைக்கு மறக்கவில்லை. "படிச்சுக் காட்டுங்க" என்றார் நல்லம்மாள். படித்தேன். "பதில் தவறினால், ஆட்டக்காரர் விரும்பும் பட்சத்தில் அன்றைய ஆட்டத்திலிருந்து விலகலாம்" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது என்னங்க, விரும்பும் பட்சத்தில்?"

"அவருக்கு இஷ்டம் இருந்தான்னு அர்த்தம்."

"எங்க வீட்டுக்காரரு இஷ்டப்பட்டுத்தான் திரும்பப் போனாரு. அந்தத் தம்பியும் இஷ்டப்பட்டுத்தான் ஆடினாரு. அடிபட்டதே தலைங்க. அதுகிட்டயே போயி ஆடட்டுமா வேணாமான்னு கேட்டா அது என்னத்தச் சொல்லும்?"

அந்த வரியை அங்கேயே அடித்தேன். "விலகலாம்" என்பதை "விலக்கப்பட வேண்டும்" என்று மாற்றினேன். கேப்டனோ, காரியதரிசியோ இதில் தலையிடக் கூடாது, நடுவர் சொல்வதே முடிவு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். காரியதரிசி என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் மருதமுத்து கிழித்துப் போட்ட நாரை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். சேர்த்தேன்.

புறப்படும்போது என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அம்மா, அன்னிக்கு இவரை உள்ள வாங்கன்னு கூப்பிட்டது நான்தான்" என்றேன். "ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

"தெரியும்ங்க. சவரிமுத்து அண்ணன் முதல் வருஷமே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டிருந்தா நீங்க அந்த நோட்டுல எழுதியிருப்பீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை. நெல்லுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று சொல்கிற மாதிரி சொன்னார். மூன்று கோடைகள், கணவரைத் திரும்ப அழைத்தவன் எதிரிலேயே அவர் குந்தியிருந்திருக்கிறார். என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னால் நான் முறுக்கிக்கொள்வேன், காரியம் கெட்டுப்போகும் என்று எடை போட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கணக்குத் தப்பவில்லை. அவர் அப்படி வாயை மூடியும்கூடத் தங்கராசு சாகும் வரை நான் எழுதவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மாநிலக் கூட்டத்தில் நம்மைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தார்கள். "பாட்டி வைத்தியம்" என்றார் ஒருவர். உபதலைவர் பயந்தது போலவே ஓர் அணி ஆளை மாற்றுவதற்காக வேஷமும் போட்டது. நல்லம்மாளிடம் புகார் சொன்னோம். "போகட்டும்ங்க, உசுரோட வீட்டுக்குப் போனான்ல" என்றார். ஆட்டக்காரர்கள் பதில்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளத் தொடங்கினார்கள். குளித்தலைக்காரர் ஒருவர், ஊரைக் கேட்டதற்கு "இட்லிங்க" என்று முந்திக்கொண்டு சொன்னது நினைவிருக்கும். நல்லம்மாள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சிரித்துவிட்டு நடுவரிடம் சொல்லி அவரை வெளியே உட்கார வைத்தார். அடுத்த போட்டியிலிருந்து கேள்விகளை மாற்றிவிட்டார். வந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாய், போன ஆட்டம் யாரோடு ஆடினாய் என்று கேட்பார். மனப்பாடம் செய்ய வழியில்லாமல் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்துவும் நானும் தொட்டியம் போய் வந்தோம். மருதமுத்துவை நல்லம்மாளின் தம்பி குடும்பம் பார்த்துக்கொள்கிறது. எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மரியாதையாக எழுந்து கும்பிட்டார். "எங்க வீட்டுல வெளிய போயிருக்காங்க. மேட்ச் இருக்குதுல்ல. வந்துருவாங்க, உக்காருங்க" என்றார். தினமும் பொழுது சாய்கிற வரை இதையே சொல்கிறாராம். தம்பி மனைவி முதல் இரண்டு நாள் உண்மையைச் சொல்லிப் பார்த்தாராம். ஒவ்வொரு தடவையும் மருதமுத்து புதிதாகக் கேட்பது போல் அழுதாராம். இப்போது சொல்வதில்லை. நாங்களும் சொல்லவில்லை. அவரோடு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இந்த வட்டாரத்தில் விதி வந்த பிறகு ஒருவரும் ஆடுகளத்தில் சாகவில்லை. அதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. விதி வருவதற்கு முன்னால் அது என் மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

நல்லம்மாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. நேற்று முன்தினம் முக்கொம்பில் நடந்த ஆட்டத்தில் நான் நடுவருக்குத் துணையாக நின்றேன். அடிபட்ட ஓர் ஆட்டக்காரரை வெளியே உட்கார வைத்ததும் கூட்டம் ஊளையிட்டது. அந்த ஆட்டக்காரரே என்னைப் பார்த்துக் காது கூசும்படி ஏசினார். அவர் ஏசி முடிக்கும் வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் தண்ணீர் கொடுத்தேன். கத்துகிற கூட்டத்துக்கு முன்னால் அசையாமல் நிற்கும் அந்தப் பழக்கம் அவருடையது. மருதமுத்துவும் தங்கராசுவும் ஆடிய நாட்களில் அது என்னிடம் இல்லை.